பெரியநாயகி தரப்பு நியாயம்

ஆவணி 12, வியாழன்

என் பேத்தி ஆதிரை கண் டாக்டர். கோயம்புத்தூரில் அவள் கண்புரை எடுத்துவிட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் தேனி பஸ் ஸ்டாண்டு கொள்ளாது என்கிறான் அவளைப் பெற்ற என் மகன் முருகவேல். அவள் தம்பி சிபி ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே முடித்தவன். இவன் கையெழுத்து விழாமல் பெரிய கம்பெனிக்காரனுக்கும் தூக்கம் வராது. திருப்பூரில் இருக்கும் என் மகள் கனகுவின் மூத்தவன் கபிலன் ரயில் ஓட்டுகிறான். ஒரு ரயில் முழுக்க சனங்கள் என் பேரனை நம்பித் தூங்குகிறார்கள். நான் படித்தது அஞ்சாப்பு. இத்தனையும் அந்த அஞ்சாப்பிலிருந்து கிளைத்தது.

கனகுவின் இளையவள் சங்கவியும் நன்றாக இருக்கிறாள்.

சுவரில் எல்லோருடைய படமும் மாட்டியிருக்கிறேன். வருஷா வருஷம் பழசைக் கழற்றிப் புதுசு போடுவேன். ஆதிரை வெள்ளைக் கோட்டில், சிபி டையில், கபிலன் எஞ்சின் ஜன்னலில். சங்கவி மட்டும் இன்னும் ரெட்டைச் சடையும் பள்ளிக்கூடச் சீருடையுமாக நிற்கிறாள். கேட்டால் "அனுப்புவாம்மா, பிஸியா இருக்கா" என்கிறாள் கனகு. நான் போன வருஷமே புது ஃபிரேம் வாங்கிவிட்டேன். கடைக்காரன் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்த யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தை அதில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் தீபாவளிக்குள் அந்தக் குழந்தையை வெளியே அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆவணி 15, ஞாயிறு

பிளவுஸுக்குக் கொக்கி வைக்கக் கொடுத்திருந்ததை வாங்க எதிர்வீட்டு பெனாசிரிடம் போனேன். தைத்துக்கொண்டே போனில் ஏதோ படித்துச் சிரிக்கிறாள். வாயில் ஊசி வேறு.

"ஊசியை எடுத்துட்டுச் சிரிடி, தொண்டைக்குள்ள போயிரப் போகுது."

"பெரியம்மா, உங்க பெரியநாயகியை இங்க ஒருத்தி கிழிகிழின்னு கிழிக்கிறா, பாருங்க."

பெரியநாயகி என்றால் 'கொலுசுக்காரத் தெரு' நாடகத்தில் வரும் பாட்டி. ஏழரை மணிக்கு வருகிறது. ஊரே அவளை வில்லி என்கிறது. நியாயமானவள், கொஞ்சம் வாய் அதிகம், அவ்வளவுதான். போனில் ஒரு கதை ஆப் இருக்கிறதாம். நாடகம் பார்க்கிறவர்களே அதே ஆட்களை வைத்து இஷ்டத்துக்குக் கதை எழுதிப் போடுகிறார்கள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெனாசிர் சொன்னாள். நாடகத்தில் செத்துப்போன மாமனார் இங்கே எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார்.

பெரியநாயகியைக் கிழித்தவள் பேர் மகாராணி. படத்துக்குப் பதில் ஒரு குடை போட்டிருக்கிறாள். பெரியநாயகிக்கு அவள் வைத்திருக்கும் பட்டப்பேர் 'பண்டிகை காலண்டர்'. வருஷத்துக்கு ஒரு தடவை சிரிப்பாளாம், அதுவும் சிவப்பு எழுத்தில். இன்னொன்று 'பழகாத தோசைக்கல்'. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் குடித்துக்கொண்டு, கடைசியில் தோசையைப் பிய்த்துத்தான் கொடுப்பாளாம்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திட்டு நல்ல திட்டுதான். அதற்காக விட்டுவிட முடியுமா?

"எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடு. நானும் எழுதுறேன்."

"நெசமாவா பெரியம்மா? பேரு என்ன போட?"

"அஞ்சாப்புன்னு போடு."

ஆவணி 19, வியாழன்

முதல் பாகம் போட்டாயிற்று. ஒற்றை விரலால் தட்டித் தட்டி நகம் வலிக்கிறது. தலைப்புக்கு மேல் பிள்ளையார் சுழி போட்டேன். அது வேண்டாம், கதைக்கெல்லாம் யாரும் போட மாட்டார்கள் என்றாள் பெனாசிர். கதைக்குத்தான் முதலில் போட வேண்டும், பொய்க்குத் துணை தேவை என்றேன்.

என் கதையில் பெரியநாயகி பேசுகிறாள். மருமகள் மதுமிதாவுக்கு 'குக்கர் விசில்' என்று பேர் வைக்கிறாள். சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேட்கும், திறந்து பார்த்தால் பருப்பு வேகவில்லை. மதுமிதாவின் புருஷனுக்கு 'வாடகை சைக்கிள்'. யார் ஏறி உட்கார்ந்து மிதிக்கிறார்களோ அவர்கள் பக்கம் போவான்.

இது எனக்குப் புதுசு இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நலுங்கு வைக்கும்போது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் கேலிப் பேர் வைத்து ஏசல் சொல்வது வழக்கம். போடி, சின்னமனூர், கம்பம் வரைக்கும் "குருவம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று எனக்கு வண்டி அனுப்புவார்கள். ஏசலுக்கு ஒரு முறை உண்டு. ஏசினவள் எழுந்து போய், ஏச்சு வாங்கினவள் கையில் வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். அவள் சிரித்து வாங்கிக்கொண்டால் அது விளையாட்டு. வாங்கவில்லை என்றால் வைத்த பேரை அதே சபையில் திருப்பி எடுத்துக்கொண்டு, வேறு நல்ல பேர் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிலையே கொடுக்காமல் விட்டால் அது ஏசல் இல்லை, வெறும் வசவு.

மகாராணிக்கு இந்த முறையெல்லாம் எங்கே தெரியப்போகிறது. சின்னப் பெண்ணாக இருப்பாள்.

ஆவணி 20, வெள்ளி

ஐந்நூறு பேர் படித்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆவணி 26, வியாழன்

நானும் மகாராணியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆப்பில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. 'நாங்கள் பெரியநாயகி தரப்பு' என்று எழுதுகிறவர்கள் எல்லாம் என் ஆட்கள்.

நான் மகாராணியின் கதைக்குக் கீழே எழுதினேன்: "குடைக்குள் ஒளிந்துகொண்டு கல் எறிகிற குட்டிக்கு வணக்கம். குடையை மடக்கினால் ஆள் இருக்கிறதா, கம்பிதான் இருக்கிறதா?"

அவள் பதில்: "அஞ்சாப்பு அவர்களுக்கு வணக்கம். உங்கள் பெரியநாயகிக்கு நாக்கு இருப்பது ஊருக்கே தெரியும். காது இருக்கிறதா என்று ஒருநாள் சரிபார்த்துச் சொல்லுங்கள்."

நல்ல அடி. இட்லிக்கு மாவு ஆட்டும்போதெல்லாம் அதே ஞாபகம். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பெனாசிர் சொல்கிறாள்: "பெரியம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதுறீங்க. பேரை மறைச்சுட்டுப் படிச்சா யாரு எதுன்னு தெரியல."

"என்னோட சேத்துப் பேசாதே. அவ எங்க, நான் எங்க."

ஆவணி 30, திங்கள்

மகாராணி புதுப் பாகம் போட்டிருக்கிறாள். நாடகத்தில் இல்லாத ஓர் ஆளை உள்ளே கொண்டுவந்திருக்கிறாள். தேன்மொழி என்று ஒரு பேத்தி. பெரியநாயகிக்கு நாடகத்தில் இப்படி ஒரு பேத்தியே கிடையாது. அதோடு, நாடகத்தில் எல்லோரும் 'பாட்டி' என்று கூப்பிடுவார்கள். இந்தத் தேன்மொழி 'அம்மாச்சி' என்கிறாள். திருத்தச் சொல்லி எழுதலாமா என்று பார்த்தேன். எழுதவில்லை.

கதை இதுதான். வீட்டில் ஒரு கல்யாணம், நலுங்கு நடக்கிறது. பெரியநாயகி மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருத்தராக ஏசி, கூட்டத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைக்கிறாள். ஏசின ஒவ்வொருத்தருக்கும் வெற்றிலை கொடுக்கிறாள். அந்த வெற்றிலைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வருகிறவள் தேன்மொழி. அந்த வருஷம் காலேஜில் நாலு பேப்பர் போய்விட்டது அவளுக்கு. வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. கூட்டம் இன்னும் கேட்கிறது. பெரியநாயகி திரும்பிப் பார்த்து, "இதோ நிக்கிறாளே, எங்க வீட்டு அரியர் மகாராணி! நாலு பேப்பரைத் தூக்க முடியல, தாம்பாளத்தை மட்டும் என்னமா தூக்குறா!" என்கிறாள். மண்டபமே சிரிக்கிறது. வீடியோக்காரர் கேமராவைத் திருப்புகிறார். அடுத்த ஆளை ஏசப் பெரியநாயகி நகர்ந்துவிடுகிறாள்.

கடைசி வரி: "தாம்பாளம் நிறைய வெற்றிலை இருந்தது. அதைச் சுமந்தவளுக்கு மட்டும் ஒன்று கிடைக்கவில்லை."

பெனாசிர் படித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"இதெல்லாம் நெசமா நடக்காம இப்படி எழுத வராது பெரியம்மா. பாவம், எந்த வீட்டுப் புள்ளையோ."

"எல்லாக் கல்யாணத்துலயும் நடக்குறதுதான். அந்தக் கொக்கி என்னாச்சு?"

"அது அன்னைக்கே குடுத்துட்டேனே!"

மாவு பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

புரட்டாசி 3, வெள்ளி

கனகுவுக்குப் போன் போட்டேன். சும்மாதான். முருங்கைக்காய் விலை எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

"சங்கவி என்ன பண்றா?"

"எழுதுறாம்மா. துணிக் கம்பெனியில வேலை, வந்ததும் போனும் கையுமா கதை. இருபதாயிரம் பேரு படிக்கிறாங்களாம். எனக்கு என்னத்தைப் புரியுது."

"நாலு பேப்பரு?"

"அதெல்லாம் அடுத்த வருஷமே எழுதி முடிச்சுட்டா. நீதான் கேக்கவே இல்லையே."

"யாரும் சொல்லல."

"சொன்னா மட்டும்? ஆதிரை கல்யாணத்துல நீ வச்ச பேரு போயிருச்சா? சிபி இன்னமும் குரூப்புல அப்படித்தான் கூப்பிடுறான். போன பொங்கலுக்கு ஆதிரை மாமியார் என்கிட்ட, 'உங்க அரியர் மகாராணி வரலையா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாங்க. அவங்களுக்கு அவ பேரே தெரியாதும்மா. ஆறு வருஷமா எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேங்குறா. நீ போட்டோ போட்டோங்குற."

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புரட்டாசி 4, சனி

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஏழரை மணிக்கு டிவி போடவில்லை.

புரட்டாசி 8, புதன்

மகாராணி மறுபடி போட்டிருக்கிறாள். இந்தத் தடவை நீளமில்லை. தேன்மொழி பெரியநாயகிக்கு ஒரு பேர் வைக்கிறாள்.

'டோக்கன் மெஷின். வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பேரைக் கிழித்துக் கையில் கொடுக்கும். உள்ளே வா என்று மட்டும் கூப்பிடாது. சீட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.'

என் கட்சிக்காரர்கள் கூப்பாடு போடுகிறார்கள். 'அஞ்சாப்பு, பதில் கொடுங்க', 'விடாதீங்க பாட்டிம்மா', 'பெரியநாயகி தோற்கக் கூடாது'. பெனாசிர் வாசலிலிருந்தே கத்துகிறாள்: "என்ன பெரியம்மா, நாக்குல பல்லி விழுந்துருச்சா?"

பதில் வராமல் இல்லை. காலையிலிருந்து எழுதி எழுதி அழித்தேன். மதுமிதாவை ஏசு என்றால் அருவி மாதிரி கொட்டுகிறது. அந்தத் தேன்மொழியை ஏச விரல் போகவில்லை. அவளை ஏசுவது பெரியநாயகிக்கு அழகும் இல்லை. பெரியநாயகி முறை தெரிந்தவள். முறை தெரிந்தவள் தாம்பாளத்தோடு நிற்கிற பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டாள். மகாராணி எழுதியது பாதிதான். மீதியை எழுத வேண்டியது நான்.

எழுதியே தீருவேன்.

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்குப் புளியோதரை செய்துகொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போதும் அதே யோசனை. பேரைத் திருப்பி எடுத்தால் அந்த இடத்தில் நல்ல பேர் ஒன்று சொல்ல வேண்டுமே. நாலு நாளாகத் தேடுகிறேன். மட்டம் தட்டுகிற பேர் என்றால் கறிவேப்பிலை உருவுகிற நேரத்தில் வந்துவிடும். உயர்த்துகிற பேர் வரவில்லை. 'தங்கமலர்' என்று வைத்துப் பார்த்தேன், நகைக்கடை மாதிரி இருக்கிறது. 'கலைவாணி' என்றால் சத்துணவு டீச்சர் ஞாபகம் வருகிறது. 'எழுத்தரசி' என்று எழுதினேன். மறுபடியும் அரசியா? அழித்தேன்.

முன்னால் ஓர் அம்மா பேரன் காதில் ஏதோ சொன்னாள். அவன் கூச்சத்தில் தோளைத் தூக்கிக்கொண்டான். அப்போதுதான் தோன்றியது. கனகுவின் இளையவளுக்குப் பேர் வைத்த அன்று தொட்டிலில் குனிந்து காதில் மூன்று தடவை சொன்னவள் நான்தான். அவளும் அப்படித்தான் தோளைத் தூக்கிக்கொண்டாள், பதினாறு நாள் பிள்ளை.

புளியோதரையை வரிசையில் நின்றவர்களுக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாசி 15, புதன், சரஸ்வதி பூஜை

இன்று புத்தகத்தை எல்லாம் பூஜையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், எழுதக் கூடாது என்பார்கள். போனைப் பூஜையில் வைக்கவில்லை. ஆகவே எழுதினேன்.

பாகத்தின் பேர் 'அதே சபை'. பெரியநாயகி கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரையும் திரும்ப அழைக்கிறாள். சமையல்காரர், வீடியோக்காரர் உள்பட. "சாப்பாடு உண்டு, மொய் கிடையாது, வாங்க" என்று சொல்லி அனுப்புகிறாள். எல்லோரும் உட்கார்ந்ததும் தேன்மொழியிடமிருந்து தாம்பாளத்தை வாங்குகிறாள். இந்தத் தடவை பெரியநாயகி சுமக்கிறாள். "நான் இந்தப் புள்ளைக்கு வச்ச பேரு செல்லாது. இதே சபையில திருப்பி எடுத்துக்கிறேன்" என்கிறாள். "சரி, நல்ல பேரு சொல்லு" என்கிறது கூட்டம். "நல்ல பேரு முந்தியே வச்சாச்சு. தொட்டில்ல போட்டப்பவே வச்சேன். தேன்மொழி. அதுக்கு மேல ஒண்ணு எனக்குத் தெரியாது" என்கிறாள். வெற்றிலையில் நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, பேத்தியிடம் நீட்டுகிறாள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"வாங்கிட்டாளா இல்லையா? அதைப் போடாம எப்படி முடிப்பீங்க?" என்று பெனாசிர் சண்டைக்கு வந்தாள்.

"நீட்டுறவ கதை மட்டும்தான் என்னுது. வாங்குறதை வாங்குறவதான் எழுதணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போய், பூஜைக்குச் செய்த சுண்டலில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

சபை என்றால் முழுச் சபை. கதையில் மட்டும் கூட்டினால் போதுமா? குடும்பக் குரூப்பில் மைக்கை அமுக்கிப் பேசினேன்.

"குருவம்மா பேசுறேன். எல்லாரும் கேளுங்க. ஆதிரை நலுங்குல நான் சங்கவிக்கு வச்ச பேருக்கு வெத்தலை குடுக்கலை. குடுக்காத பேரு செல்லாது. அதை எடுத்தாச்சு. இன்னையிலருந்து அவளை அவ பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். பழைய பேரைச் சொல்ற வாய்க்கு என் வீட்டுல காபி கிடையாது. சிபி, முக்கியமா உனக்குத்தான்."

முருகவேல் உடனே கூப்பிட்டான். "என்னம்மா இது, வெளையாட்டுக்கு வச்ச பேருதானே? நாளும் கிழமையுமா இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

"வெளையாட்டு முடிஞ்சுபோச்சுடா. உன் சம்பந்தி நம்பரைக் குடு."

"அவங்க எதுக்கு?"

"அவங்களும்தான் அன்னைக்குச் சிரிச்சாங்க."

ஆதிரையின் மாமியாரிடமும் பேசிவிட்டேன். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "உங்க பேத்தி பேரு சங்கவியா? நல்லா இருக்கே" என்றார்கள். "நான் வச்சது" என்றேன்.

புரட்டாசி 16, வியாழன்

குரூப்பில் சிபி கை கூப்பின படம் ஒன்று போட்டான். ஆப்பில் ஒன்றும் இல்லை. பூஜைக்கு வைத்த பொரி நமத்துவிட்டது.

புரட்டாசி 17, வெள்ளி

காலையில் கோலப்பொடி கையோடு நிற்கிறேன், பெனாசிர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். "வந்துருச்சு பெரியம்மா, வந்துருச்சு!"

மகாராணியின் பாகம் சின்னதுதான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"தேன்மொழி வெற்றிலையை உடனே வாங்கவில்லை. அம்மாச்சியின் கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்சம் வலிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கி வாயில் போட்டு மென்றாள். 'சுண்ணாம்பு ஜாஸ்தி' என்றாள். 'அம்மாச்சி, ஒருவழியா உங்க அரியரை க்ளியர் பண்ணிட்டீங்க. ஆனா ஆறு வருஷம் லேட்டு. அபராதம் கட்டணும்.' கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை தேன்மொழியும் சிரித்தாள். 'இன்னொண்ணும் சொல்லிடறேன். கதை ஆப்புல பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற ஒரே ஆள் நீங்கதான். முதல் பாகத்துலயே தெரியும்.'"

கள்ளி. தெரிந்துகொண்டேதான் அத்தனை அடியும் அடித்திருக்கிறாள். 'காது இருக்கிறதா' என்று கேட்டதும் என்னைத்தான். இந்த வாய் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அழுறீங்களா பெரியம்மா?"

"கோலப்பொடி கண்ணுல விழுந்துருச்சு. போயி செருப்பைப் போடு."

இந்த டைரியில் முதல் பக்கத்துக்குப் போனேன். 'சங்கவியும் நன்றாக இருக்கிறாள்' என்ற வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் இடுக்கி எழுதினேன்: 'சங்கவி கதைக்காரி. எல்லாப் பரீட்சையும் தேறினவள். இருபதாயிரம் பேர் அவள் எழுதுவதற்குக் காத்திருக்கிறார்கள். ஏசலில் குருவம்மாளையே வாயடைக்க வைத்தவள் இந்த ஜில்லாவில் அவள் ஒருத்திதான்.'

பிறகு அவள் கதைக்குக் கீழே, இருபதாயிரம் பேரும் பார்க்கட்டும் என்று, இதைத் தட்டினேன்:

"உ. சங்கவி, அபராதம் கட்டத் தயார். என்ன தொகை என்று நேரில் வந்து சொல், பேரம் பேசுவேன். அதற்கு முன்னால் உன் புதுப் படம் ஒன்று தபாலில் போடு. போனில் அனுப்பாதே, போனில் வந்த படத்துக்கு ஆணி அடிக்க முடியாது. கடையில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்பு. பழசைத் தேடி எடுக்காதே, இப்போது இருக்கிற முகம் வேண்டும். சிரித்தாலும் சரி, முறைத்தாலும் சரி, குடையை மட்டும் மடக்கி வைத்துவிடு. ஃபிரேமுக்குள் ஒரு வெளிநாட்டுக் குழந்தை போன வருஷத்திலிருந்து உன் இடத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் வாய் வலிக்கும். தீபாவளிக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி இன்றைக்கே படத்தைப் போடு."